வாடகை இன்ஜின்களின் நிறம்

சண்முகவேலுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம். இருபது வயதுவரை அவனுக்கே அது தெரியாது.

கோவில்பட்டி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். அப்பா தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன். சிக்னல் கம்பத்தின் கை இறங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்று பார்த்தே வளர்ந்தவனுக்கு, அதிலிருந்த விளக்கின் நிறம் தேவைப்பட்டதே இல்லை. இன்ஜின் ஓட்டுவதைத் தவிர வேறு வேலையை அவன் நினைத்துப் பார்த்ததும் கிடையாது. எழுத்துப் பரீட்சையில் தேறி மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது, டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். அதற்குள் ஒரு எண் இருக்கிறது, என்ன எண் சொல் என்றார். எண் எதுவும் இல்லையே சார் என்றான் இவன். அடுத்த பக்கத்திலும் இல்லை. அதற்கடுத்த பக்கத்திலும் இல்லை. டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு, இது சிக்னல் பார்த்து ஓட்டுகிற வேலை தம்பி, நீ வேறு ஏதாவது பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவன் உண்மையைச் சொல்லவில்லை. ஆள் அதிகம், இடம் குறைச்சல் என்று சொல்லிவைத்தான். மகன் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காத அம்மா, சென்னையில் இருந்த தம்பி கணேசமூர்த்திக்குச் சொல்லியனுப்பினாள். அக்கா மகனை அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது. கணேசமூர்த்திக்கு தி. நகர் உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை. ரயில்வே வேண்டாமென்று தள்ளிய கண்களோடு சண்முகவேல் வந்து நின்றது, சென்னையில் ஒரு பட்டுப் புடவை செக்‌ஷனில்.

முதல் வாரம் புடவைக் கட்டுகளைத் தூக்கிக் கொடுப்பதோடு ஒதுங்கிக்கொண்டான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். புடவையை விரித்துப் போட்டு, "இதை என்ன கலர்னு சொல்வீங்கம்மா?" என்று கேட்பான். பெண்கள் முகம் மலர்ந்துவிடும். ஒருத்தி வெங்காயச் சருகு என்பாள், கூட வந்தவள் இல்லை இது மாந்தளிர் என்பாள். அவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்ததும், அந்தப் பெயரைக் கரையின் வேலைப்பாட்டோடும் அலமாரித் தட்டோடும் சேர்த்து மனதில் பதிய வைத்துக்கொள்வான். ராமர் பச்சை, அரக்கு, மாதுளம் முத்து, மயில் கழுத்து என்று நிறங்களின் பெயர் அவன் அளவுக்கு அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. கடைக்கு வருகிறவர்கள், அந்தத் தம்பி எங்கே, நம்மைக் கேட்டுக் கேட்டுக் காட்டுமே, அந்தத் தம்பி என்று தேட ஆரம்பித்தார்கள். கணேசமூர்த்திக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரே ஒருமுறை பிசகியது. மயிலாப்பூர் பங்கஜம் மாமி மகள் கல்யாணத்துக்கு அரக்கில் சொல்லிவிட்டுப் போன புடவைக்குப் பதிலாகப் பச்சை போய்விட்டது. யாரோ தட்டை மாற்றி அடுக்கியிருந்தார்கள். கணேசமூர்த்தியே நேரில் மயிலாப்பூர் போய் மன்னிப்புக் கேட்டு, வேறு புடவை கொடுத்துவிட்டு வந்தார். கூட்ட நேரத்தில் நடப்பதுதான் என்று அதை அவர் பெரிதுபடுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சாப்பிட்டுவிட்டுச் சண்முகவேல் கோடம்பாக்கம் பாலத்துக்குப் போய்விடுவான். அப்போது அந்தப் பாலம் கட்டிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மேலே நின்றால் இரண்டு பக்கமும் தண்டவாளம் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். மின்சார ரயில்களை அவன் கண்டுகொள்வதில்லை. மத்தியானத்துக்கு மேல் வரும் சரக்கு வண்டிகளுக்காகத்தான் நிற்பான். ஓட்ட முடியாமல் போனதைப் பார்க்கவாவது செய்யலாமே என்று தொடங்கிய பழக்கம். நாளடைவில் வேதனை போய், வெறும் ஆசை மட்டும் மிஞ்சியது.

அந்த வருஷங்களில் சரக்கு அதிகம், இன்ஜின் பற்றாக்குறை. ஒரு ரயில்வே இன்னொரு ரயில்வேயிடம் வாடகைக்கு டீசல் இன்ஜின் வாங்கி ஓட்டும். இங்கே ஒரு வருஷம் ஓடும், பிறகு திரும்பிப் போய்விடும். அப்படி வந்த இன்ஜின் எது, இங்கேயே நிறுத்திப் பராமரிக்கிற நம் ஷெட்டு இன்ஜின் எது என்று பிரித்தறிவதுதான் சண்முகவேலுக்குப் பிடித்த விஷயம். வேறொருவனாக இருந்தால் நிறத்தையும் பட்டையையும் பார்த்ததுமே சொல்லிவிடலாம். ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு நிறம், ஒரு பட்டை உண்டு. இவன் ஹாரனைக் கேட்டான். முன்பக்கத்து ஜன்னல்கள், படிக்கட்டு, தகடு வெட்டி ஒட்டிய இடம், முகப்பு விளக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று இதையெல்லாம் பார்த்தான்.

அறுபத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளில் போன ஒருவர் இறங்கி இவன் பக்கத்தில் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். கைவிரல் நகங்களில் பெயின்ட். கீழே ஒரு சரக்கு வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.

"புது வண்டி," என்றார் அவர் பொதுவாக.

போன மாதம் வாடகைக்கு வந்த அதே வண்டிதான் என்றான் சண்முகவேல்.

"அத்த நானும் பாத்தேன், செங்காவி நைனா. இது கரும்பச்சை. எப்டி அதே வண்டியாவும்?"

சண்முகவேல் நிறத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மூக்குக்குக் கீழே தகடு ஒட்டின இடத்தைப் பாருங்கள், போன மாதமும் அங்கேதான் இருந்தது, ஹாரனும் அதேதான் என்றான். வந்தவர் கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து உற்றுப் பார்த்தார். இன்ஜின் பாலத்துக்கு நேர் கீழே வந்தபோது, படிக்கட்டு ஓரத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்த இடம் அவர் கண்ணில் பட்டது. உள்ளேயிருந்து பழைய பூச்சு எட்டிப் பார்த்தது.

"அடப்பாவி. காவி மேலயே பூசி வச்சுகீறானுங்க. வாடகைக்கு வந்த வண்டிக்கு நம்ம சட்டைய மாட்டிட்டானுங்க," என்றார். பிறகு இவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அவர் பெயர் உமர் ஃபாரூக். ராயப்பேட்டையில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு ஷெட்டில் ஸ்பிரே பெயின்டர். இன்ஜினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பூச்சைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. எது அவசரமாக அடித்தது, எது மூன்று கோட்டிங் அடித்தது, எந்த மஞ்சள் வெயிலில் வெளுத்தது என்று பாலத்து மேலிருந்தே சொல்வார். மறு ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அந்தப் பட்டை என்ன கலர், நீ சொல் பார்க்கலாம் என்று ஃபாரூக் விளையாட்டாகக் கேட்டார். "நீங்க என்ன கலர்னு சொல்வீங்க பாய்?" என்று சண்முகவேல் கடையில் கேட்பது போலவே கேட்டான். ஃபாரூக் அவனைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஷெட்டில் ஒரு பையன் இருந்தான், சிவப்பு டப்பாவைக் கேட்டால் பச்சையை எடுத்துக் கொடுப்பான், ரொம்ப நல்ல பையன், தப்பு அவன் மேல் இல்லை என்று தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார்.

ஆறேழு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததைச் சண்முகவேல் அன்று பாலத்தில் நின்று சொன்னான். புள்ளிப் புத்தகத்திலிருந்து மயிலாப்பூர்ப் புடவைவரை சொன்னான். மாமாவுக்குத் தெரியக் கூடாது என்றான். பட்டுக்கடைக்காரன் கண் இப்படி என்று வெளியே தெரிந்தால் கடைக்கே கேலி என்றான்.

"என் வாய்லேந்து போவாது," என்றார் ஃபாரூக்.

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வண்டி தூரத்தில் தெரிந்ததும் ஃபாரூக் தணிந்த குரலில் நிறங்களைச் சொல்ல ஆரம்பிப்பார். மேலே கிரீம், கீழே செங்காவி, நடுவில் எலுமிச்சை மஞ்சள், பட்டை மூக்கில் கூராக இறங்குகிறது என்பார். சண்முகவேல் ஹாரனையும் ஒட்டுகளையும் வைத்து இன்னது என்பான். இரண்டையும் சேர்த்தால் வண்டி எந்த ஊரிலிருந்து வந்தது, எப்போது வந்தது, எத்தனை கை மாறியது என்று ஒரு கதையே கிடைத்துவிடும். அப்படி இரண்டு வருஷம் போயிற்று.

எழுபத்தொன்று டிசம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம் வந்தது. யுத்தம் வடக்கேயும் கிழக்கேயும்தான் நடந்தது என்றாலும் சென்னையிலும் ஒரு பதற்றம் இருந்தது. இருட்டடிப்புக்காகக் கார்களின் முகப்பு விளக்கில் மேல்பாதிக்குக் கறுப்புப் பூசிக்கொள்ள வந்தவர்களால் ஃபாரூக்கின் ஷெட்டில் அந்த வாரம் முழுக்க வேலை. ஞாயிறு மத்தியானம் விரல்களில் அந்தக் கறுப்போடுதான் பாலத்துக்கு வந்தார். ஒரு நீளமான சரக்கு வண்டி வந்தது. முன்னால் இருந்தது இதுவரை பார்த்திராத இன்ஜின். ஃபாரூக் வழக்கம்போல நிறம் சொன்னார். வடக்கேயிருந்து வந்த வாடகை வண்டி, இந்த மாதத்தில் இது மூன்றாவது என்றான் சண்முகவேல்.

பின்னால் நின்ற யாரோ ஒருவர் காதில் அது விழுந்திருக்கிறது. வண்டி கடந்து போவதற்குள் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்துவிட்டார்கள். கூட்டம் கூடியது. ஃபாரூக்கின் பெயரைக் கேட்டதும் கூட்டத்தில் பேச்சு மாறியதைச் சண்முகவேல் கவனித்தான். சைக்கிளைப் பாலத்திலேயே விட்டுவிட்டு இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

அந்த வண்டியில் தார்ப்பாய் போட்டு மூடி ராணுவச் சாமான் போயிருக்கிறது. இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டதே, வண்டியில் என்ன இருந்தது என்றுதான். இன்ஜினைப் பார்த்தோம், பின்னால் பார்க்கவில்லை என்றான் சண்முகவேல். அது முழு உண்மை. யார் நம்புவார்கள்? ஃபாரூக்கை உள் அறைக்குக் கூட்டிப்போனார்கள். இவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உஸ்மான் ரோடு ஜவுளிக்கடை என்று இவன் சொன்னதால் யாரோ மாமா வீட்டுக்குத் தகவல் சொல்லப் போனார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு உள்ளேயிருந்து குரல்கள் கேட்டன. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு சத்தம், அடி விழுந்த சத்தமாகத்தான் இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்த கான்ஸ்டபிள் இன்னொருவரிடம் அலுத்துக்கொண்டார். கூட நின்றவனுக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது, அவனிடம் நீ ஏன் கலர் கலராகச் சொன்னாய் என்று கேட்டால், சும்மா பேச்சு என்கிறான், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான் என்றார்.

ஃபாரூக் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் ஏன் சொல்லவில்லை என்று இவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கணேசமூர்த்தி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, முகத்தில் மட்டும் கலவரம். வருவதற்கு முன்னாலேயே தெரிந்த வக்கீல் ஒருவர் ஸ்டேஷனுக்கு ஃபோனில் பேசிவிட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார்.

இவன் என் அக்கா மகன், பட்டு செக்‌ஷன் இவன் பொறுப்பு, தை மாதம் என் மகளுக்கும் இவனுக்கும் கல்யாணம் என்றார் கணேசமூர்த்தி. இன்ஸ்பெக்டர் தலையாட்டிக்கொண்டார். உங்கள் பையன் மேல் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, நீங்கள் அழைத்துக்கொண்டு போகலாம், அந்த ஆள் இருக்கட்டும் என்றார். பிறகு தானாகவே விளக்கினார்.

"ஒரு விஷயம்தான் சார் இடிக்குது. கண்ணு தெரியிற ஒருத்தனுக்கு இன்னொருத்தன் பக்கத்துல நின்னு எதுக்கு நிறம் சொல்லணும்? அது ஏதோ சங்கேதம். அதுக்கு அவன் பதில் சொல்ல மாட்டேங்கிறான்."

"அதானே. பட்டுக்கடையில நிக்கிறவனுக்குத் தெரியாத கலரா?" என்றார் கணேசமூர்த்தி. எழுந்துகொண்டு, வா போகலாம் என்று மருமகனைப் பார்த்தார்.

சண்முகவேல் எழுந்தான். போகவில்லை.

"மாமா, எனக்குக் கலர் தெரியாது," என்றான். "செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். அதனாலதான் ரயில்வேல எடுக்கல. உங்ககிட்ட மறைச்சிட்டேன். பாய்க்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான் கேட்டுக்கிட்டேன். அதனாலதான் அவர் உள்ள வாயைத் தொறக்காம இருக்காரு."

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த இரண்டு மைக்கூடுகளை, பெயர்ச்சீட்டு தெரியாதபடி திருப்பி வைத்தார். இதில் பச்சை எது என்றார். தெரியவில்லை என்றான். இப்படி யார் வேண்டுமானாலும் சொல்லலாமே என்றார் அவர். அதுவும் நியாயம்தான். தெரியாது என்பதை எப்படி நிரூபிப்பது?

கணேசமூர்த்தி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏல, மயிலாப்பூர் மாமிக்குப் பச்சை போனது அதனாலதானா?"

"ஆமா மாமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். பெண்களிடம் நிறம் கேட்கிற அந்த மரியாதை, அலமாரித் தட்டை யாரும் மாற்றக் கூடாது என்று அவன் பிடிக்கிற பிடிவாதம், சாயங்கால வெளிச்சத்தில் புடவையை வாசலுக்கு எடுத்துப் போகாமல் தவிர்த்தது. கண்ணைத் திறந்து இன்ஸ்பெக்டரிடம், "நெசந்தான் சார். என் கடையிலேயே நடந்திருக்கு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு," என்றார். ஒரு பட்டு வியாபாரி தன் கடையைப் பற்றி வெளியாள் முன்னால் அப்படிச் சொல்வது லேசான காரியம் இல்லை. இன்ஸ்பெக்டருக்கும் அது புரிந்தது.

ஃபாரூக்கை வெளியே விட்டார்கள். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. யுத்தம் முடிகிறவரை பாலத்துப் பக்கம் தலைகாட்டாதீர்கள் என்று இன்ஸ்பெக்டர் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். சொல்லும்போது பார்த்தது ஃபாரூக்கை.

வாசலில் சண்முகவேல், ஏன் பாய் சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல," என்றார் ஃபாரூக். சைக்கிள் பாலத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பிப் போனார். கணேசமூர்த்தி அவரிடம் ஒன்றும் பேசவில்லை.

மாமாவும் மருமகனும் பனகல் பார்க்கைச் சுற்றிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். பாதி வழியில் கணேசமூர்த்தி நின்றார். குறை இருப்பதில் ஒன்றும் இல்லை, எட்டு வருஷம் பக்கத்தில் நின்றுகொண்டு என்னை முட்டாளாக்கிவிட்டாயே என்றார். குரல் உயரவில்லை. மகள் சுந்தரவல்லிக்குத் தெரிந்தால் என்ன சொல்வாளோ, கல்யாணத்தைப் பற்றி அவளிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி நடந்தார்.

சுந்தரவல்லி கூடத்தில் காத்திருந்தாள். அப்பா சொன்னதையெல்லாம் கேட்டாள். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியும்ப்பா," என்றாள். "பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப அத்தான்கிட்ட சிவப்பு ரிப்பன் வாங்கிட்டு வரச் சொன்னேன். பச்சை வாங்கிட்டு வந்தாங்க. இந்தா சிவப்புன்னு குடுத்தாங்க. நான் அதையே கட்டிக்கிட்டுப் போனேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார் கணேசமூர்த்தி.

"அவங்களே சொல்லல. நான் எப்படிச் சொல்றது?"

கல்யாணம் தை மாதம் குறித்த நாளில் நடந்தது. ஃபாரூக் வந்திருந்தார். சாப்பிட்டார். ஃபோட்டோ எடுக்கும்போது ஆளைக் காணவில்லை. கல்யாணம் முடிந்து கடை திறந்ததும் கணேசமூர்த்தி மருமகனை வேட்டி, துண்டு செக்‌ஷனுக்கு மாற்றினார். வெள்ளையில் என்ன தப்பு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. கரையில் கொஞ்சம் வந்தது. பட்டு செக்‌ஷனில் பழைய ஆளைக் காணாமல் சில பெண்கள் வேட்டிப் பக்கம் தேடி வந்து, நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்டார்கள். சண்முகவேல் காரணத்தை மறைக்கவில்லை. சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எட்டு வருஷம் எதற்குப் பயந்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

ஃபாரூக் விஷயம் அப்படி முடியவில்லை. யுத்தம் அந்த வாரமே நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் போலீஸ்காரர்கள் இரண்டு தடவை பெயின்ட் ஷெட்டுக்குப் போய் அவரைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். பெரிய மனிதர்கள் கார் வருகிற இடம், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. இதெல்லாம் சண்முகவேலுக்கு மாசிக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒரே பாலத்தில் நின்றவர்கள். தனக்கு ஒரு செக்‌ஷன் மாறியது, அவருக்கு வேலையே போயிற்று.

ராயப்பேட்டையில் வீட்டைத் தேடிக்கொண்டு போனான். ஃபாரூக் இல்லை. அவர் மனைவி ஜஹீதா கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பேசினாள். டீ கொடுத்தனுப்பினாள்.

"அவரு இனிமே பாலத்துக்கு வர மாட்டாரு. நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்," என்றாள். "நீங்க வூட்டுக்கு வாங்க. அதுல ஒண்ணும் இல்ல."

சொன்னபடியே சண்முகவேல் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். ஞாயிறு மத்தியானம் பாலம், சாயங்காலம் ராயப்பேட்டை. ஆனால் பார்த்த இன்ஜினைப் பற்றி அவனால் பாதிதான் சொல்ல முடிந்தது. ஹாரன் இப்படி, ஜன்னல் இப்படி என்பான். கலர் என்ன என்று கேட்க வாயெடுத்துவிட்டு ஃபாரூக் நிறுத்திக்கொள்வார். நாலைந்து வாரம் இப்படிப் போனதைக் கேட்ட சுந்தரவல்லி, பாலத்துக்கு நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அவளுக்கு இன்ஜினில் அக்கறை கிடையாது. பட்டுக்கடைக்காரர் மகள், நிறத்தில் மட்டும் தப்பு வராது.

ராயப்பேட்டைக்கு வந்து, மேலே சந்தனம், கீழே மாதுளை, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மயில் கழுத்து என்று அவள் சொன்னபோது ஃபாரூக் விழுந்து விழுந்து சிரித்தார். போலீஸ் ஸ்டேஷன் நாளுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து ஜஹீதா பார்த்ததில்லையாம். பிறகு அவர் புடவை நிறத்தைப் பெயின்ட் நிறமாக மாற்றிப் பார்த்தார். நீலத்தில் கொஞ்சம் பச்சை கலந்தால்தான் மயில் கழுத்து, அந்தப் பட்டை நம் ரயில்வே ஷெட்டில் கிடையாது, அப்படியென்றால் அது வாடகை வண்டிதான் என்று முடிவு சொன்னார்.

அதற்குள் அவர் வீட்டுக்கு அடுத்த சந்தில் ஒரு கொட்டகை போட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்திருந்தார். ஆட்டோவும் மூன்று சக்கர வண்டியும்தான் வந்தன. எழுபத்து மூன்றில் ஒருநாள் கணேசமூர்த்தியின் கடை வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, முதலாளி அனுப்பினார், என்ன கலர் என்று உங்களையே முடிவு பண்ணச் சொன்னார் என்றார். அன்று ஸ்டேஷனில் அந்த ஆளுக்காக ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன் என்று கணேசமூர்த்தி மகளிடம் எப்போதோ சொல்லியிருந்தார். ஃபாரூக் வேனை நன்றாகவே செய்துகொடுத்தார். கூலியில் ஒரு பைசா குறைத்துக்கொள்ளவில்லை. கணேசமூர்த்தியும் குறைக்கச் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரும் கடைசிவரை நெருங்கிப் பழகவில்லை. வேன் மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போய் வந்தது.

எழுபத்தெட்டு கோடையில் ஒரு இன்ஜின் வந்தது. சுந்தரவல்லி அதைப் பார்த்துவிட்டு, எள்ளுப்பூ நிறம், வெளிறின ஊதா என்றாள். ஃபாரூக் ஒப்புக்கொள்ளவில்லை. இன்ஜினுக்கு அப்படி ஒரு நிறத்தை எவனும் அடிக்க மாட்டான், வெளுத்த சாம்பலாக இருக்கும் என்றார். நான் என் கண்ணால் பார்த்தேன் என்றாள் அவள். அடுத்த வாரமும் அதே வண்டி வந்தது, அடுத்த வாரமும் அதே வாக்குவாதம். எங்கிருந்து வந்தது என்று சண்முகவேலாலும் சொல்ல முடியவில்லை. அந்த ஹாரனை அவன் கேட்டதே இல்லை.

"நானே பாத்தாத்தான் தெரியும்," என்றார் ஃபாரூக். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது போலிருந்தது. ஜஹீதா மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு, போய்த்தான் பார்த்துவிட்டு வாருங்களேன் என்றாள்.

மறு ஞாயிறு அவர் பாலத்துக்கு வரவில்லை. மாம்பலம் ஸ்டேஷனுக்கு வந்தார். கவுன்ட்டரில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினார். தனக்கு ஒன்று, சண்முகவேலுக்கு ஒன்று, சுந்தரவல்லிக்கு ஒன்று. உள்ளே நிற்கிறவர்களிடம் டிக்கெட் கேட்கிற ஆள் இங்கே யாரும் இல்லையே பாய் என்றான் சண்முகவேல்.

"இருக்கட்டும். இன்னாத்துக்கு நிக்கிறன்னு எவனாச்சும் கேட்டா காட்டலாம்ல," என்றார் அவர். பாதி வெளியே தெரியும்படி டிக்கெட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய் நின்றார்கள். வெயில் சுட்டது. இரண்டு மின்சார ரயில்கள் வந்து போயின. பிறகு அந்தப் புது ஹாரன் கேட்டது. வண்டி நிற்காமல் மெதுவாகக் கடந்தது. ஃபாரூக் அதன் கூடவே சில அடி நடந்து, கதவோரத்தையும் படியையும் குனிந்து பார்த்தார்.

சாம்பல்தான் அடித்திருக்கிறான், அடியில் பழைய சிவப்பைச் சுரண்டாமல் அப்படியே அடித்ததால் அது ஊறி மேலே வந்துவிட்டது என்று திரும்பி வந்து சொன்னார். பார்க்க எள்ளுப்பூவாகத்தான் இருக்கிறது, இந்த அம்மா சொன்னது சரி என்றார்.

பூச்சுக்கு அடியில் பழைய ஷெட்டின் பெயரெழுத்து ஏதாவது தெரிந்ததா என்று சண்முகவேல் கேட்டான். பாதி எழுத்துதான் தெரிந்தது, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்கலாம் என்றார் ஃபாரூக்.

அதற்குப் பிறகு அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாம்பலம் ஸ்டேஷனில்தான் நின்றார்கள். ஒவ்வொரு வாரமும் ஃபாரூக் டிக்கெட் வாங்கினார். ஒரு வாரம்கூட வாங்காமல் உள்ளே போனதில்லை.